குறுவை போனாலும் வயல் இருக்கிறது: நெகிழ்வான சிந்தனை பற்றி ஓர் எளிய விளக்கம்

காவிரி டெல்டாக்காரர்களுக்கு ஜூன் 12 என்பது காலண்டரில் வரும் இன்னொரு தேதி கிடையாது. மேட்டூர் அணை 1934-ல் பாசனத்துக்கு வந்தது. ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். அந்தத் தண்ணீரை நம்பித்தான் குறுவை என்னும் குறுகியகால நெல்லை நடுவார்கள். உழவு, நாற்றங்கால், நடவு ஆளுக்குச் சொல்லிவைப்பது, நகையை அடகு வைப்பது, தீபாவளிக்குள் மீட்பது என்று வீட்டுக் கணக்கு முழுவதும் அந்தத் தேதியில்தான் தொடங்கும்.

2024-ல் அன்றைக்கு அணை திறக்கவில்லை. அணையில் போதிய தண்ணீர் இல்லை. கடைசியில் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள்.

அந்த ஜூன் கடைசியில் நான் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே அவருக்கு ஏழு மா நிலம், அதாவது இரண்டேகால் ஏக்கர் போல. வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. நிலத்தடி நீர் உப்பு, அதனால் பம்பு செட் என்ற பேச்சுக்கே இடமில்லை. வாய்க்காலில் வந்தால் உண்டு, இல்லையென்றால் வானம்தான். சாயங்காலம் மதகுக் கட்டையில் உட்கார்ந்துகொண்டு காய்ந்த வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "குறுவை போச்சும்மா" என்றார். சாப்பிடும்போதும் அதையே சொன்னார். மறுநாள் டீக்கடையிலும் அதே பேச்சு. சித்தி ஏதாவது சொல்லப் போனால், "தண்ணி இல்லாம என்னத்தப் பண்றது?" என்று வாயை அடைத்துவிடுவார்.

மூன்றாம் நாள் காலை, காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, யாரிடமும் இல்லாமல் தனக்குத்தானே ஒரு கேள்வி கேட்டார். "சரி, குறுவை போச்சு. வயல் போயிடலையே?"

அன்றைக்கே டிராக்டருக்குச் சொல்லியனுப்பினார். புழுதி உழவு ஓட்டிப்போட்டு, மழை கிடைத்ததும் நேரடியாக விதைத்து, அந்த ஆண்டை ஒருபோக சம்பாவாக, அதாவது குறுவையை விட்டுவிட்டு அதைவிட நீண்டகால நெல் ஒன்றே ஒன்றாக, மாற்றிக்கொள்ளலாம் என்று முடிவு. முதல் இரண்டு நாளும் அவர் முன்னால் இருந்த நிலைமைக்கும் மூன்றாம் நாள் இருந்த நிலைமைக்கும் ஒரு சொட்டு வித்தியாசம் கிடையாது. வாய்க்கால் அப்படியே காய்ந்துதான் கிடந்தது. கேள்விதான் மாறியது. "குறுவைக்குத் தண்ணீர் எப்போது வரும்?" என்ற கேள்விக்கு அவர் கையில் பதில் இல்லை. "இந்த வயலில் இந்த வருஷம் என்ன எடுக்கலாம்?" என்ற கேள்விக்கு நான்கைந்து பதில் இருந்தது.

உளவியலில் நெகிழ்வான சிந்தனை என்று சொல்வது இந்தத் திருப்பத்தைத்தான். நிலைமை மாறும்போது, அதைப் பார்க்கும் விதத்தையும் செய்யும் முறையையும் மாற்றிக்கொள்ளும் திறன். கேட்க எளிதாக இருக்கிறது. சித்தப்பாவுக்கே இரண்டு நாள் பிடித்தது. எனக்குச் சில விஷயங்களில் வருஷக்கணக்கில் பிடித்திருக்கிறது. ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது என்று புரிந்துகொண்டால் பழகுவது கொஞ்சம் சுலபமாகிறது. அதனால் முதலில் அதைச் சொல்கிறேன்.

மனம் ஏன் பழைய தடத்திலேயே ஓடுகிறது

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆபிரகாம் லூச்சின்ஸ் என்ற உளவியலாளர் 1942-ல் வெளியிட்ட ஆய்வில் வருவது. உங்களிடம் மூன்று பாத்திரங்கள் இருக்கின்றன. ஒரு குடம், ஓர் அண்டா, ஒரு சொம்பு. குடம் 21 படி பிடிக்கும், அண்டா 127 படி, சொம்பு 3 படி. கோடு எதுவும் போடாமல் சரியாக 100 படி தண்ணீர் அளந்து தர வேண்டும். எப்படி?

அண்டாவை நிரப்பி, அதிலிருந்து குடத்தால் ஒரு முறை, சொம்பால் இரண்டு முறை எடுத்துவிட்டால் சரி. 127-ல் 21 போனால் 106. அதில் 3-ம் 3-ம் போனால் 100. லூச்சின்ஸ் இதே வழியில் தீரக்கூடிய கணக்குகளாக வரிசையாக ஐந்து கொடுத்தார். அளவுகள் மாறும், வழி மாறாது. அதற்கப்புறம் இப்படி ஒன்று வைத்தார்: குடம் 23, அண்டா 49, சொம்பு 3. வேண்டியது 20.

நீங்களும் ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். பழகிய வழியில் போனால் வரும்: 49-ல் 23 போனால் 26, இரண்டு சொம்பு எடுத்தால் 20. ஆனால் குடத்தை நிரப்பி ஒரு சொம்பு எடுத்தாலே முடிந்தது வேலை. 23-ல் 3 போனால் 20. முன்கூட்டிப் பழகியவர்களில் பெரும்பாலோர் நீண்ட வழியையே போட்டார்கள். பழகாமல் நேராக இந்தக் கணக்குக்கு வந்தவர்களுக்குக் குறுக்கு வழி சட்டென்று தெரிந்தது.

முதல் கூட்டத்தார் அறிவு குறைந்தவர்கள் இல்லை. ஐந்து முறை பலித்த வழி ஆறாம் முறை கண்ணை மறைத்தது, அவ்வளவுதான். மாட்டு வண்டி ஓடிய மண் பாதையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தடம் ஆழமாகப் பதிந்தபின் மாட்டை ஓட்டவே வேண்டாம், வண்டி தானே தடத்தில் போகும். அது நல்லதுதான். ஒவ்வொரு நாளும் பல் தேய்ப்பதைப் புதிதாக யோசித்துச் செய்ய வேண்டுமானால் நம்மால் வேறு எந்த வேலையும் செய்ய முடியாது. பாதையில் மரம் விழுந்து கிடக்கும் அன்றைக்குத்தான் தடம் தொந்தரவாகிறது.

1948-ல் கிராண்ட், பெர்க் என்ற இருவர் வெளியிட்ட சீட்டுச் சோதனை ஒன்றும் உண்டு. இன்றும் மருத்துவமனைகளில் பயன்படுகிறது. சீட்டுகளில் நிறம், வடிவம், எண்ணிக்கை என்று மூன்று வகை வேறுபாடு இருக்கும். எந்த முறையில் அடுக்க வேண்டும் என்று சொல்லமாட்டார்கள். நீங்கள் வைக்க வைக்க, சரி, தப்பு என்று மட்டும் சொல்வார்கள். நிறம்தான் விதி என்று கண்டுபிடித்து வரிசையாகப் பத்துச் சீட்டு சரியாக வைத்ததும், ஒரு வார்த்தை சொல்லாமல் விதியை வடிவத்துக்கு மாற்றிவிடுவார்கள். நேற்றுவரை சரியாக இருந்தது இன்று தப்பு. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதியில் அடிபட்டவர்களில் பலர் "தப்பு, தப்பு" என்று கேட்டுக்கொண்டே பழைய விதியிலேயே அடுக்கிக்கொண்டிருப்பார்கள்.

மூளையின் முன்பகுதிக்கு இதில் பெரிய பங்கு உண்டு என்பது இங்கேதான் தெரிகிறது. கையில் இருக்கும் தகவலை நினைவில் தாங்குவது, சட்டென்று எழும் செயலை அடக்குவது, ஒரு விதியை விட்டு இன்னொன்றுக்குத் தாவுவது ஆகிய மூன்றும் சேர்ந்துதான் நெகிழ்வாக யோசிக்க வைக்கின்றன. பதற்றத்திலும் தூக்கமில்லாத நிலையிலும் இந்தப் பகுதி சரியாக வேலை செய்யாது. பழக்கத்தை ஓட்டும் பகுதிகள் பொறுப்பை எடுத்துக்கொள்ளும். அதாவது, நமக்கு நெகிழ்வு மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அது மிகவும் குறைவாகக் கிடைக்கும். சித்தப்பாவுக்கு மூன்றாம் நாள் காலையில் அந்தக் கேள்வி வந்ததற்கு, முந்தைய இரவு அவர் நன்றாகத் தூங்கியதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். சித்தி அப்படித்தான் சொன்னாள்.

கல்யாண ஜெனரேட்டர்

இன்னொரு வகைச் சிக்கலும் உண்டு. ஒரு பொருளுக்கு ஒரே வேலைதான் என்று மனம் முத்திரை குத்திவிடுவது. கார்ல் டங்கர் என்ற ஜெர்மானிய உளவியலாளரின் மெழுகுவத்திப் புதிர் இதற்குப் பேர்போனது. ஒரு மெழுகுவத்தி, தீப்பெட்டி, ஒரு டப்பா நிறைய குத்தாணி. மெழுகு கீழே சொட்டாமல் மெழுகுவத்தியைச் சுவரில் நிறுத்த வேண்டும். டப்பாவைக் காலி செய்து, அதைச் சுவரில் குத்தி, மேலே மெழுகுவத்தியை வைத்தால் தீர்ந்தது. ஆனால் குத்தாணி நிரம்பிய டப்பாவைப் பார்க்கும் கண்ணுக்கு அது டப்பாவாகவே தெரியாது, குத்தாணி வைக்கும் இடமாகத்தான் தெரியும். காலி டப்பாவைத் தனியாகக் கொடுத்தால் விடை கண்டுபிடிப்பவர்கள் அதிகம்.

இதை நான் 2018 நவம்பர் 16-க்குப் பிறகு நேரில் பார்த்தேன். கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய நாள் அது. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. எங்கள் பக்கம் பல நாள் கரண்ட் இல்லை. எல்லார் வீட்டிலும் போர்வெல்லில் தண்ணீர் இருந்தது, மோட்டார் இருந்தது, மாடியில் தொட்டி இருந்தது. குடிக்கத்தான் ஒரு குடம் கிடையாது. முதல் நாள் எல்லோரும் கரண்ட் ஆபீஸுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தோம். டவரும் இல்லை.

மறுநாள் தெருவில் ஒரு டாடா ஏஸ் வந்தது. மேலே ஜெனரேட்டர். கல்யாணப் பந்தலுக்கு லைட்டும் மைக்செட்டும் ஓட்டுகிற அதே ஜெனரேட்டர். பந்தல்காரரின் மகன் வீடு வீடாக வண்டியை நிறுத்தி, மோட்டாருக்கு ஒயரை மாட்டி, தொட்டி நிரம்பும்வரை ஓட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான். டீசலுக்கும் கூலிக்கும் சேர்த்துத் தொட்டிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டான். அடுத்த தெருவில் சைக்கிள் கடைக்காரர் கார் பேட்டரியில் செல்போன்களுக்கு சார்ஜ் போட்டுக் கொடுத்தார். "கரண்ட் எப்போ வரும்?" என்பது எங்கள் எல்லோருடைய கேள்வி. "தொட்டியில் தண்ணீர் ஏற என்ன வேண்டும்?" என்பது அந்தப் பையனுடைய கேள்வி. அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயதுகூட இருக்காது.

"தான்" என்ற சொல்லைக் கவனியுங்கள்

இனி பயிற்சிக்கு வருவோம். எனக்கு மிகவும் உதவியது ஒன்றை முதலில் சொல்கிறேன். நம் பேச்சிலேயே நாம் இறுகிப்போயிருப்பதைக் காட்டிக்கொடுக்கும் சொற்கள் இருக்கின்றன. அவற்றைக் காதில் வாங்கப் பழக வேண்டும்.

ஆல்பர்ட் எல்லிஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1950-களில் ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார். மனிதர்கள் பெரும்பாலும் விருப்பத்தைக் கட்டளையாக மாற்றிக்கொள்வதால்தான் துன்பப்படுகிறார்கள் என்பது அவர் கருத்து. "இப்படி நடந்தால் நல்லது" என்பது விருப்பம். "இப்படி நடந்தே ஆக வேண்டும்" என்பது கட்டளை. விருப்பம் நிறைவேறாவிட்டால் வருத்தம் வரும். கட்டளை நிறைவேறாவிட்டால் உலகமே இடிந்துவிட்ட மாதிரி இருக்கும்.

தமிழில் இந்தக் கட்டளையைக் கண்டுபிடிப்பது சுலபம். "தான்" என்றும் "ணும்" என்றும் வந்து நிற்கும். "என் பொண்ணு டாக்டராத்தான் ஆகணும்." "கல்யாணம்னா கும்பகோணத்துலதான் வைக்கணும்." "பத்து மணிக்கு அங்க இருந்தே ஆகணும்." கூடவே "எப்பவும்", "ஒருத்தரும்", "ஒண்ணுமே" என்று சில சொற்கள் வரும். "எனக்கு எப்பவும் இப்படித்தான்." "ஒருத்தரும் உதவி பண்ணல." பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சொல்வார்களே, அந்த மூன்றாம் காலோடு நான்காவது இருப்பதை மறைப்பவை இந்தச் சொற்கள்.

நான் செய்வது இதுதான். மனம் ஏதோ ஒன்றில் சிக்கியிருக்கிறது என்று தெரியும்போது, அந்த எண்ணத்தை ஒரு துண்டுத் தாளில் அப்படியே, பேச்சு வழக்கிலேயே எழுதுவேன். பிறகு "தான்" எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் கோடு போடுவேன். அப்புறம் அதை எடுத்துவிட்டு மறுபடி எழுதுவேன். "ஜூன் 12-லதான் தண்ணி வரணும்" என்பது "ஜூன் 12-ல தண்ணி வந்தா நல்லா இருக்கும்" என்று ஆகும். அந்த இரண்டாவது வாக்கியத்துக்குப் பின்னால் தானாகவே "வரலைன்னா..." என்று ஒரு தொடர்ச்சி வரும். முதல் வாக்கியம் அங்கேயே முற்றுப்புள்ளி வைத்துவிடும். முதலில் இது எழுத்துப் பயிற்சி மாதிரிச் செயற்கையாகத் தோன்றலாம். ஒரு மாதம் செய்தபின் பேசும்போதே காதில் விழ ஆரம்பிக்கிறது.

போகிற இடமும் போகிற வழியும்

அடுத்தது, நமக்கு வேண்டியது எது, அதற்கு நாம் போட்டுவைத்த வழி எது என்று பிரித்துப் பார்ப்பது. பெரும்பாலான நேரம் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைத்துவிடுகிறோம். வழி அடைபட்டால் போகிற இடமே இல்லாமல் போய்விட்டதாக நினைக்கிறோம்.

அக்கா மகளுக்குத் தஞ்சாவூரில் வளைகாப்பு. வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும், அதற்குள் முதல் வளையலைப் போட வேண்டும். வளையல் பெட்டி என் மடியில். மன்னார்குடியில் பஸ் ஏறி நீடாமங்கலம் வந்தால் ரயில்வே கேட் சாத்தியிருக்கிறது. அந்த வழியாகப் போகிறவர்களுக்கு அந்தக் கேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சரக்கு ரயில் நின்றுகொண்டிருந்தது. மணி ஒன்பதைத் தாண்டியது. நான் ஜன்னலுக்கு வெளியே கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தேன். கண்டக்டரிடம் இரண்டு முறை கேட்டேன். வேறு பஸ் பிடிக்கலாம் என்றால் எல்லா பஸ்ஸும் அதே வரிசையில்தான் நிற்கிறது. "நான் பத்து மணிக்கு அங்கே இருந்தே ஆகணும்" என்பதைத் தவிர என் தலைக்குள் வேறெதுவும் இல்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா, கையில் கீரைக்கட்டோடு, நிதானமாகக் கேட்டார். "முதல் வளையல் யாரு போடணும்?"

"பொண்ணோட நாத்தனார்."

"அவங்க அங்கதான இருக்காங்க?"

"இருக்காங்க. வளையல் எங்கிட்ட இருக்கு."

"தஞ்சாவூருல வளையல் கடை இல்லியா தாயி?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. உடனே போன் செய்தேன். மாப்பிள்ளையின் தம்பி சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் இரண்டு டஜன் கண்ணாடி வளையல் வாங்கி வந்துவிட்டான். பத்து மணிக்கு முதல் வளையல் போட்டாகிவிட்டது. நான் பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தபோது கலந்த சாதம் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். பெட்டியில் இருந்ததை ராகுகாலம் முடிந்தபின் போட்டுவிட்டோம். நல்ல நேரத்தில் அவள் கையில் வளையல் ஏற வேண்டும் என்பதுதான் எல்லோருக்கும் வேண்டியிருந்தது. நான் போய்ச் சேர்வது அதற்கு ஒரு வழி. நான் வழியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன்.

இதில் இன்னொன்றையும் பாருங்கள். விடையைச் சொன்னது அந்தப் பிரச்சினையில் சிக்காத ஒருவர். அடுத்தவர் சிக்கலுக்கு நமக்கு எளிதாக வழி தெரிவதற்குக் காரணம் அந்தத் தூரம்தான். அந்தத் தூரத்தை நாமே உண்டாக்கிக்கொள்ளவும் முடியும். "நான் என்ன செய்வேன்" என்று கேட்பதற்குப் பதில், உங்கள் பெயரையே சொல்லி "இவள் இப்போது என்ன செய்யலாம்" என்று மனதுக்குள் கேட்டுப் பாருங்கள். ஈதன் கிராஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். பதற்றம் குறைகிறது என்று கண்டிருக்கிறார்கள். இல்லையென்றால் இருக்கவே இருக்கிறது, பக்கத்து வீட்டுத் திண்ணை.

மூன்றாவது வழி வரும்வரை

சிக்கிய மனதுக்கு இரண்டு வழிதான் தெரியும். ஒன்று நினைத்தபடி நடப்பது, இல்லையென்றால் எல்லாம் பாழ். அதனால் மூன்றாவது ஒன்று கிடைக்கும்வரை நிறுத்துவதில்லை என்று வைத்துக்கொள்ளலாம். அது மட்டமான யோசனையாக இருந்தாலும் பரவாயில்லை.

அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொள்வது எங்களுக்குப் புதிதில்லை. அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மழையில் நனைந்த குவியலைப் பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு, காய்ந்தால் கொள்முதல், இல்லையென்றால் நஷ்டம் என்று இரண்டுதான் தெரியும். உட்கார்ந்து பேசினால் மற்றவை வரும். மழை விட்ட நேரத்தில் தார்ச்சாலையில் மெல்லிசாகப் பரப்பிக் கிளறிவிடலாம். ஒரு பகுதியை மட்டும் வியாபாரியிடம் குறைந்த விலைக்குத் தள்ளிவிட்டு மீதியைக் காப்பாற்றலாம். வீட்டுச் சாப்பாட்டுக்கு வேண்டியதை உடனே அவித்துவிடலாம், அவிக்கிற நெல்லுக்கு ஈரம் ஒரு பொருட்டில்லை. ஈரப்பத வரம்பைத் தளர்த்தச் சொல்லி நாலு பேராகச் சேர்ந்து மனுக் கொடுக்கலாம். அப்படித் தளர்த்திய ஆண்டுகளும் உண்டு. இவற்றில் எதுவும் முழு நஷ்டத்தையும் ஈடுகட்டாது. பாதியை ஈடுகட்டும்.

சமையலறையில் இதை எல்லோரும் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறோம். தேங்காய் இல்லையென்றால் பொட்டுக்கடலைச் சட்னி. புளி தீர்ந்துவிட்டால் தக்காளியை இரண்டு கூடப் போட்டு ரசம். மாவு பொங்கவில்லையென்றால் இட்லி ஊற்றாமல் தோசை. அங்கே "குழம்பு வைக்க முடியாது, எல்லாம் போச்சு" என்று யாரும் உட்கார்ந்துவிடுவதில்லை. அந்தப் புத்தி நம்மிடம் இல்லாமல் இல்லை, அடுப்படியை விட்டு வெளியே கொண்டுவருவதுதான் பழக வேண்டியது. மூளைக்குப் பயிற்சி என்று செல்போனில் வரும் விளையாட்டுகள் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அந்த விளையாட்டில் திறமை கூடுகிறது. ஆனால் அந்தத் திறமை வாழ்க்கையின் மற்ற இடங்களுக்குப் பெரிதாகப் பரவுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. அந்த நேரத்தில் வீட்டில் இருப்பதை வைத்து ஒரு புதுக் குழம்பு வையுங்கள் என்பேன்.

முன்கூட்டியே சொல்லிவைப்பதும் நல்ல பழக்கம். "இப்படி ஆனால் அப்படிச் செய்வேன்" என்று முதலிலேயே வாக்கியமாகத் தீர்மானித்துவைத்தவர்கள், வெறுமனே நோக்கத்தை மட்டும் வைத்திருப்பவர்களைவிடச் சொன்னதைச் செய்து முடிக்கிறார்கள் என்பதை பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களிலிருந்து ஆராய்ந்து எழுதியிருக்கிறார். பதற்றத்தில் யோசிக்கும் சக்தி குறையும் என்று பார்த்தோமே, அந்த வேலையை நிதானமான நேரத்திலேயே முடித்துவைப்பது இது. விவசாயிகள் இதை எப்போதும் செய்கிறார்கள். ஆகஸ்டுக்குள் விதைக்க முடிந்தால் சி.ஆர். 1009 மாதிரி 155, 160 நாள் போகும் நீண்டகால ரகம். செப்டம்பர் ஆகிவிட்டால் 135 நாள் மத்தியகால ரகம், ஏனென்றால் ஜனவரி 28-க்குப் பிறகு அணைத் தண்ணீரை நம்ப முடியாது. பையனுக்குக் கேட்ட காலேஜில் இடம் கிடைக்காவிட்டால் என்ன, வேலை இந்த மாதம் வராவிட்டால் என்ன என்பதற்கும் இப்படி ஒரு வரி முன்கூட்டியே இருந்தால் வீட்டில் பாதிச் சண்டை நடக்காது.

வளைவது வேறு, பணிவது வேறு

நெகிழ்வு என்றதும் சிலருக்குக் கோபம் வரும். "எல்லாத்துக்கும் அட்ஜஸ்ட் பண்ணிட்டே போகணுமா?" என்பார்கள். நியாயமான கேள்வி. குறிப்பாகப் பெண்களிடம்தான் இந்த அட்ஜஸ்ட்மென்ட் அதிகமாகக் கேட்கப்படுகிறது, எனவே இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வழியை மாற்றுவதற்குப் பெயர்தான் நெகிழ்வு. உரிமையை விட்டுக்கொடுப்பதற்கு அந்தப் பெயர் வைக்கக் கூடாது.

காவிரியையே பாருங்கள். 1990-ல் நடுவர் மன்றம் அமைந்தது. 2007-ல் இறுதித் தீர்ப்பு வந்தது. 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம், கர்நாடகம் ஆண்டுக்கு 177.25 டிஎம்சி விட வேண்டும் என்றது. இத்தனை ஆண்டும் டெல்டா விவசாயிகள் சாலையில் உட்கார்ந்தார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள். அதே ஆண்டுகளில் நேரடி விதைப்புக்கும் மாறினார்கள், நாற்றங்காலுக்குத் தண்ணீர் மிச்சம் பிடிக்கும் பாய் நாற்றங்காலையும் கற்றுக்கொண்டார்கள். தண்ணீர் கேட்டுப் போராடுவதும் தண்ணீர் வராத வருஷத்துக்கு வழி செய்வதும் ஒரே ஆள் ஒரே நாளில் செய்யக்கூடியவை. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளத் தெரிவதும் நெகிழ்வில் சேர்த்திதான்.

இன்னொன்று, துக்கத்துக்கு நேரம் கொடுக்க வேண்டும். கஜாவுக்குப் பிறகு பேராவூரணி பக்கம் ஒரு தென்னந்தோப்பில் ஒருவரைப் பார்த்தேன். அப்பா வைத்த மரங்கள். நூறுக்கு மேல். எல்லாம் ஒரே திசையில் படுத்துக் கிடந்தன. அவர் ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்து மட்டையைக் கையால் தடவிக்கொண்டிருந்தார். கூட வந்தவர் ஒருவர், "எல்லாம் நன்மைக்கேன்னு எடுத்துக்கங்க" என்றார். அவர் திரும்பியே பார்க்கவில்லை. ஒரு தென்னங்கன்று காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும். அந்த மனிதரிடம் அன்றைக்குச் சொல்ல வேண்டிய சொல் எதுவும் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். சித்தப்பாவின் இரண்டு நாள் புலம்பலையும் நான் வீண் என்று நினைக்கவில்லை. "குறுவை போச்சு" என்பதை முழுதாக ஒத்துக்கொண்ட பின்னால்தான் அவருக்கு "வயல் போயிடலையே" வந்தது.

ஆனால் அந்த இருட்டு இரண்டு வாரத்துக்கு மேல் விலகாமல், தூக்கமும் பசியும் போய், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், அதற்கு இந்தப் பயிற்சிகள் போதாது. மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் சேவையில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

சித்தப்பாவின் ஏழு மாவில் அந்த ஆண்டு ஆகஸ்ட் மழைக்கு விதை விழுந்தது. நேரடி விதைப்பில் களை அதிகம். சித்தியும் அவரும் இரண்டு முறை களையெடுத்தார்கள், முதுகு ஒடிந்துவிட்டது என்று சித்தி போனில் சொன்னாள். பொங்கல் தாண்டி நான் போனபோது கதிர் சாய்ந்து நின்றது. அறுவடைக்கு இன்னும் ஒரு வாரம். சித்தப்பா இடுப்பில் ஒரு கூடையைக் கட்டிக்கொண்டு, நிற்கிற பயிருக்கு உள்ளேயே நடந்து நடந்து உளுந்தைத் தெளித்துக்கொண்டிருந்தார். மண் ஈரம் காய்வதற்குள் முளைத்துவிட வேண்டும். வரப்பில் நின்ற என்னைப் பார்த்து, "அந்த மூட்டையிலேர்ந்து இன்னும் ரெண்டு படி அள்ளிட்டு வாம்மா" என்றார்.